ஸ்டார்ட் ஆகாத சைக்கிள் எஞ்சின்: ஒன்றின் பின்னால் ஒன்று ஒளிந்திருந்த மூன்று கோளாறுகள்

வண்டியும் புகாரும்

ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்பு ஒன்றில் சொட்டுநீர்க் குழாய்களைக் கவனித்துக்கொள்ளும் இளைஞரின் வண்டி இது. சாதாரண 26 அங்குலச் சைக்கிள். பிரேமுக்குள் ஆன்லைனில் வாங்கிய சீனத்து டூ ஸ்ட்ரோக் எஞ்சின் கிட் உட்கார்ந்திருக்கிறது. விற்பவர்கள் இதை 80 சிசி என்பார்கள். சிலிண்டரின் உள்விட்டமான போர் 47 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 38 மி.மீ.; கணக்குப் போட்டால் 66 சிசிக்கு மேல் வராது. தோப்புக்குள் ஒரு மோட்டார் ரூமிலிருந்து இன்னொன்றுக்குப் போய்வர அவருக்கு அதுவே தாராளம்.

மழைக்காலம் முழுக்க வண்டி மாட்டுக்கொட்டகையின் தாழ்வாரத்தில் நின்றது. மழை விட்டு எடுத்தபோது ஸ்டார்ட் ஆகவில்லை. இந்த எஞ்சினுக்குக் கிக்கர் கிடையாது. கிளட்சைப் பிடித்துக்கொண்டு மிதிக்க வேண்டும், வேகம் வந்ததும் கிளட்சை விட வேண்டும். விட்டால் எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் ஒரு புகை கூட வரவில்லை. புதுப் பிளக் வாங்கிப் போட்டார். பிறகு பிளக்குக்குப் பொறியை அனுப்பும் சிடிஐ பெட்டியும் புதிது. பிறகு பக்கத்து ஊரில் ஒருவர் கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்து மாட்டிவிட்டு, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் வலு) போய்விட்டது, பிஸ்டன் செட்டு மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் வண்டி என் பட்டறைக்கு வந்தது.

“எல்லாத்தையும் மாத்தியாச்சுங்ணா. இனி எஞ்சினையே மாத்துறதுதான் பாக்கி.”

“ஒன்னும் மாத்த வேண்டாம் தம்பி. மொதல்ல பாப்போம்.”

இந்த வண்டியைப் பற்றி விரிவாக எழுதுவதற்குக் காரணம், இதில் இருந்த கோளாறு ஒன்றல்ல, மூன்று. முதல் கோளாறு சரியாகாதவரை இரண்டாவது வெளியே தெரியாது. இரண்டாவது சரியாகாதவரை மூன்றாவது தெரியாது. இப்படிப்பட்ட வண்டியில் பாகத்தை மாற்றிப் பார்க்கிற வழி ஆளை ஏமாற்றிவிடும். புதுப் பிளக் போட்டும் ஓடவில்லை என்றால் பழைய பிளக் நன்றாக இருந்தது என்று ஆகாது. வேறு எங்கேயோ பழுது இருக்கிறது என்று மட்டும்தான் ஆகும். ஒவ்வொரு பாகமும் தன் வேலையைச் செய்கிறதா என்று தனித்தனியாகப் பார்த்து, சரி என்று தெரிந்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். நான் எல்லா வண்டியிலும் கடைப்பிடிப்பது இதைத்தான்.

கம்ப்ரஷன்

வழக்கமாக நான் முதலில் பார்ப்பது பிளக்குக்குக் கரன்ட் வருகிறதா என்பதை. இந்த வண்டியில் மட்டும் கம்ப்ரஷனை முதலில் பார்த்தேன். ஒருவர் பிஸ்டன் போய்விட்டது என்று தீர்ப்பே சொல்லியிருந்தார். அது உண்மையானால் மற்ற வேலை எதற்கும் அர்த்தமில்லை. பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் கேஜைத் திருகி, பின் சக்கரத்தை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு பெடலைச் சுற்றினோம். ஆக்சிலேட்டர் மூடியிருந்தால் சிலிண்டருக்குள் போதுமான காற்று போகாது, நல்ல எஞ்சின்கூட மோசமாகக் காட்டும். கட்டைவிரலை வைத்துப் பார்த்து முடிவு சொல்கிறவர்கள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

முள் 95க்கும் 100க்கும் நடுவே நின்றது. இந்த வகை எஞ்சினுக்கு 90 பிஎஸ்ஐக்கு மேல் வந்தால் ஓடுவதற்குப் போதும். பிஸ்டன் செட்டுக்குக் கடையில் சொல்லிவைத்திருந்ததை அங்கேயே போனில் ரத்து செய்யச் சொன்னேன்.

கழற்றிய பிளக்கைப் பார்த்தால் காய்ந்து கிடந்தது. அத்தனை தூரம் மிதித்து, சோக்கும் போட்ட பிறகு பிளக்கின் முனையில் பெட்ரோல் ஈரம் இருக்க வேண்டும். இல்லை. பெட்ரோல் வரவில்லை என்பதற்கு அது அடையாளம்தான். ஆனால் கரன்ட் வருகிறதா என்று தெரியாமல் பெட்ரோல் பக்கம் போவதில் பயனில்லை. கரன்ட் இல்லாத எஞ்சினில் கார்புரேட்டரை எவ்வளவு சுத்தம் செய்தாலும் அது சரியாகிவிட்டதா என்று எதை வைத்துச் சொல்வது?

விளக்கு எரிந்தது, கரன்ட் வரவில்லை

பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் உடலை எஞ்சின் ஹெட்டில் படும்படி வைத்து, நிழலில் பெடலைச் சுற்றினோம். பொறியே இல்லை.

இந்த எஞ்சின்களில் பொறி உண்டாகும் வழி மிகச் சுருக்கமானது. கிராங்கின் முனையில் ஒரு காந்தம் சுற்றுகிறது. அதைச் சுற்றி நிற்கும் இரும்புத் தகட்டு அடுக்கில் ஒரு காயில். அங்கே உண்டாகும் மின்சாரம் நீல ஒயர் வழியாக சிடிஐ பெட்டிக்குப் போய் மின்தேக்கியில் சேர்ந்து, சரியான நேரத்தில் மொத்தமாகப் பிளக்குக்குப் பாய்கிறது. கறுப்பு ஒயர் எர்த். வெள்ளை ஒயர் அதே காயிலின் நடுவில் கிளம்புகிறது. விளக்குக்கு என்று விட்டிருக்கிறார்கள். ஹேண்டிலில் இருக்கும் கில் சுவிட்ச் நீலத்தைக் கறுப்போடு சேர்த்துவிடும். அதனால் எஞ்சின் நிற்கும். 1980இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50 காலத்து ஆட்கள் முதலில் பொறிக்காகத் திறந்து மூடும் தொடுமுனையான பாயின்ட்டைத் திறந்து உப்புத்தாள் போடுவார்கள். இதில் பாயின்ட் கிடையாது, கண்டன்சர் தனியாகக் கிடையாது. ஒயரிங் சரியாக இருந்தால் பழுதாக மூன்று இடம்தான் உண்டு: காயில், பெட்டி, பிளக் கேப்.

கில் சுவிட்சைத் தனியே பிரித்துப் போட்டேன். ஹேண்டில் திரும்பும் இடத்தில் அதன் ஒயர் தேய்ந்து எர்த் ஆகிவிட்டால் எஞ்சின் எப்போதும் அணைந்த நிலையிலேயே இருக்கும், அது சாதாரணமாக நடப்பது. பிரித்த பிறகும் பொறி இல்லை. வெள்ளை ஒயரில் அவர் ஒரு எல்இடி விளக்கைக் கோத்திருந்தார். அதையும் பிரிக்கப் போனபோது அவர் தடுத்தார்.

“அதுல லைட்டு எரியுதுங்ணா. மிதிச்சா மினுக்கு மினுக்குன்னு எரியுது. அப்ப காயில் நல்லாத்தானே இருக்கு?”

சிடிஐ பெட்டியை வாங்கவைத்தது இந்த விளக்குதான். விளக்கு எரிகிறது, ஆகவே காயில் சரி, ஆகவே பெட்டிதான் போயிருக்க வேண்டும் என்று எல்லோரும் முடிவு கட்டியிருக்கிறார்கள். ஆனால் வெள்ளை ஒயர் காயிலின் எர்த் பக்கத்துச் சில சுற்றுகளிலிருந்து மட்டும் வருவது. அந்தப் பகுதி நன்றாக இருந்தால் விளக்கு எரியும். மீதி ஆயிரக்கணக்கான சுற்றுகள் எங்கே அறுந்திருந்தாலும் விளக்குக்கு அது தெரியாது.

மல்டிமீட்டரை எடுத்தேன். சிடிஐயிலிருந்து ஒயர்களைக் கழற்றிவிட்டுத்தான் அளக்க வேண்டும். வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே சில ஓம். அது சரியான அளவு. நீலத்துக்கும் கறுப்புக்கும் நடுவே நல்ல காயில் 300 முதல் 400 ஓம் வரை காட்டும். மீட்டர் எதுவுமே காட்டவில்லை. அறுந்திருக்கிறது.

மேக்னெட் மூடியைத் திறந்ததும் உள்ளே இருந்து தண்ணீர் ஒழுகியது. ஒயர்கள் வெளியே வரும் இடத்து ரப்பர் வெடித்துப்போய், ஒயரைப் பிடித்துக்கொண்டே மழைத்தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. காயிலின் அடிப்பக்கத்தில், நீல ஒயரோடு முடியளவு மெல்லிய செப்புக் கம்பி சேரும் ஈயப் புள்ளி பச்சை பூத்துக் கிடந்தது. ஊசி முனையால் அந்தப் பச்சையைத் தள்ளினேன். அடியில் கம்பி இல்லை. ஈயத்துக்கும் காயிலுக்கும் நடுவே கால் அங்குலம்கூட இல்லாத ஒரு வெற்றிடம், அரித்துப் போய்விட்டது.

புதுக் காயில் வாங்கலாம், விலையும் பெரிதில்லை. ஆனால் உடைந்தது சுற்றின் நுனியில் என்பதால் காப்பாற்ற முடியும். காயிலின் மேலிருந்து ஒரு சுற்றைப் பிரித்து எடுத்து, நுனியிலுள்ள எனாமல் பூச்சை நைந்த உப்புத்தாளால் விரலிடுக்கில் வைத்து மெதுவாகச் சுரண்டினேன். பூச்சு போகாவிட்டால் ஈயம் ஒட்டுவதுபோல் தெரியும், மின்சாரம் கடக்காது. கம்பி செம்பு நிறத்தில் பளிச்சென்று தெரிந்த பிறகு ஈயம் வைத்து, அசையாமலிருக்க மேலே எபாக்சி தடவினேன். மீட்டர் 340 ஓமுக்குப் பக்கத்தில் காட்டியது. மூடியைத் திறந்திருக்கும்போதே காந்தத்தைக் கிராங்கில் நகராமல் பிடித்திருக்கும் சாவி என்ற சின்ன இரும்புத் துண்டு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். அந்தச் சிறிய சாவி நறுக்கிப்போனால் பொறி வரும், ஆனால் தப்பான நேரத்தில் வரும். இதில் சாவி நன்றாக இருந்தது.

பிளக்கின் இடைவெளியை 0.6 மி.மீ.க்கு வைத்து மறுபடி சுற்றினோம். நீல நிறத்தில் கெட்டியான பொறி. பழைய சிடிஐ பெட்டியையும் மாட்டிப் பார்த்தேன், அதிலும் அதே பொறி. அது கெடவே இல்லை. வெள்ளை ஒயரை டேப் சுற்றி அப்படியே விட்டுவிட்டேன். விளக்கு இழுக்கும் மின்சாரம் பொறிக்குப் போக வேண்டியதிலிருந்துதான் போகிறது. மிதித்து ஸ்டார்ட் செய்யும் வேகத்தில் இந்த எஞ்சினிடம் பங்கு கொடுக்க மிச்சம் இருக்காது. விளக்கு வேண்டுமென்றால் தனி பேட்டரியில் வைத்துக்கொள்ளலாம்.

பெட்ரோல்

கரன்ட் வந்த பிறகும் எஞ்சின் பிடிக்கவில்லை. இந்த இடத்தில் மனம் தளர்ந்து மறுபடி காயிலைச் சந்தேகப்படுவது எளிது. அதைத் தவிர்க்க ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. சிரிஞ்சில் ஆயில் கலந்த பெட்ரோல் ஒரு மி.லி. எடுத்து பிளக் ஓட்டை வழியாக நேரே சிலிண்டருக்குள் விட்டு, பிளக்கை மாட்டி மிதித்தோம். பட பட பட என்று இரண்டு நொடி ஓடி நின்றது.

அந்த இரண்டு நொடி நிறையச் சொல்கிறது. அமுக்கத்துக்குள்ளும் பொறி வருகிறது, டைமிங் சரி, கம்ப்ரஷன் சரி. வராதது பெட்ரோல் மட்டும். இனி தேட வேண்டியது டேங்குக்கும் சிலிண்டருக்கும் நடுவே மட்டும்தான்.

கார்புரேட்டரின் மேல் ஒரு டிக்ளர் பொத்தான் இருக்கும். அமுக்கிப் பிடித்தால் மிதவை கீழே இறங்கிக் கிண்ணம் நிரம்பி, ஓரத்தில் பெட்ரோல் கசிய வேண்டும். கசியவில்லை. டேங்க் மூடியைத் திறந்து வைத்துப் பார்த்தேன். மூடியிலுள்ள காற்று ஓட்டை அடைத்திருந்தால் அப்போது பெட்ரோல் இறங்கிவிடும். அப்போதும் இறங்கவில்லை. டேங்கின் அடியிலுள்ள பெட்ரோல் டேப்பைக் கழற்றினால் அதன் சல்லடைக் குழாயில் துருவும் பிசுக்கும்.

டேங்கிலிருந்த பெட்ரோலை ஒரு வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி மேசைமேல் வைத்தேன். சிறிது நேரத்தில் அது இரண்டாகப் பிரிந்தது. மேலே, டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்காகக் கலக்கும் 2டி ஆயிலின் நிறத்தில் பெட்ரோல். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கலங்கலான வேறொரு திரவம். நடுவே கோடு போட்டது போல ஒரு எல்லை.

2025 முதல் நம் பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20. எத்தனால் தண்ணீரை ஈர்த்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். ஓரளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்துவிட்டால் எத்தனாலும் தண்ணீருமாகப் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். தினமும் ஓடும் வண்டியில் இது பிரச்சினையே இல்லை, பெட்ரோல் தீர்ந்து தீர்ந்து புதிதாக வந்துகொண்டிருக்கும். அரை டேங்க் பெட்ரோலோடு மழைக்காலம் முழுக்கத் தாழ்வாரத்தில் நின்ற வண்டிக்குத்தான் ஆபத்து. டேப் டேங்கின் அடியில் இருப்பதால் எஞ்சினுக்கு முதலில் போவது இந்த அடித் திரவம். 2டி ஆயில் பெரும்பாலும் மேலேயுள்ள பெட்ரோலோடு நின்றுவிடும். அதாவது இதைக் குடித்து எஞ்சின் எப்படியோ ஓடியிருந்தாலும், பிஸ்டனுக்கு ஆயில் இல்லாமல் ஓடியிருக்கும். ஸ்டார்ட் ஆகாமல் இருந்ததே இந்த எஞ்சினுக்கு நல்லதாயிற்று என்று நான் நினைக்கிறேன்.

கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் ஆவியாகி, ஆயில் மட்டும் பழுப்பு நிறக் கோந்தாக மிஞ்சியிருந்தது. பெட்ரோல் போகும் நுண்துளையுள்ள மெயின் ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியவில்லை. கிளீனர் ஊற்றி ஊறவைத்து, ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செப்பு இழையை விட்டு எடுத்து, காற்று அடித்தேன். இரும்பு ஊசியை விடக் கூடாது. ஓட்டையின் விட்டம் 0.7 மி.மீ.க்குப் பக்கம்; பித்தளை மிருதுவானது; சுரண்டி அகலமாகிவிட்டால் அப்புறம் கலவை எந்நாளும் சரியாக வராது. டேங்கைக் கழுவிக் காயவைத்து, புதிதாக ஒரு லிட்டர் பெட்ரோலில் 40 மி.லி. 2டி ஆயில் கலந்து ஊற்றினோம். புது எஞ்சினாக இருந்தால் ஆரம்பத்தில் 60 மி.லி. வரை ஊற்றச் சொல்வேன். இது ஓடிப் பழகியது.

கார்புரேட்டரைத் திரும்ப மாட்டும்போது ஒரு எச்சரிக்கை. ஆக்சிலேட்டர் கேபிளில் தொங்கி, காற்று வழியைத் திறந்து மூடும் சிலைடில் ஒரு காடி இருக்கும். அது உள்ளேயுள்ள சின்ன முளையில் பொருந்தி இறங்க வேண்டும். திருப்பி வைத்து மூடியைத் திருகிவிட்டால் சிலைடு மேலேயே நின்றுவிடும். எஞ்சின் பிடித்த அந்த நொடியில் முழு வேகத்தில் சீறும், ஏறி உட்கார்ந்திருப்பவர் சைக்கிள் பிரேக்கை நம்பித்தான் இருக்க வேண்டும். மாட்டியதும் ஆக்சிலேட்டரைத் திருகி விட்டு, ‘டக்’ என்று அது அடியில் விழும் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் மிதிக்க வேண்டும்.

ஓடியது, ஆனால் ஐடிலில் நிற்கவில்லை

இம்முறை கிளட்சை விட்டதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. தம்பிக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் ஆக்சிலேட்டர் இல்லாமல் மெதுவாக ஓடும் ஐடிலுக்கு வரவில்லை. ஆக்சிலேட்டரை மூடிய பிறகும் வேகமாகவே ஓடி, சூடானதும் திணறி நின்றது. ஐடில் ஸ்குரூவை முழுக்கத் தளர்த்தியும் மாற்றமில்லை.

ஆக்சிலேட்டர் மூடியும் எஞ்சின் வேகமாக ஓடினால் கார்புரேட்டரைக் கடக்காமல் வேறு வழியில் காற்று போகிறது. பட்டறையில் ஏர் பிடிக்கிறது என்போம். கலவையில் பெட்ரோல் குறைந்து போகிறது. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து குறைகிறது. இப்படியே ஓட்டினால் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிச் சிக்கிவிடும். ஓடுகிறதே, கொண்டு போகிறேன் என்றவரை விடவில்லை.

எஞ்சின் ஓடும்போதே கார்புரேட்டரும், கலவையைச் சிலிண்டருக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்ட் குழாயும் சேரும் இடத்தில் கிளீனரைத் துளியளவு பீய்ச்சினேன். சைலன்சர் சூடாக இருக்கும்போது இதைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும், அதிகம் பீய்ச்சினால் தீப்பிடிக்கும். உடனே எஞ்சின் சத்தம் மாறியது. முன்பு கழற்றிப் பார்த்தவர் கார்புரேட்டரைக் குழாயின் கடைசிவரை தள்ளாமல் கிளாம்பை இறுக்கியிருந்தார். இந்தக் கார்புரேட்டரின் கழுத்தில் கிளாம்ப் இறுகுவதற்காக ஒரு வெட்டு இருக்கும். கடைசிவரை தள்ளாவிட்டால் அந்த வெட்டு வழியாகக் காற்று போகும். உள்ளே குழாயின் முனை முட்டும் இடத்தில் ஒரு ஓ-ரிங் வைத்து, அழுத்திப் பிடித்துக்கொண்டு கிளாம்பை இறுக்கினேன். மேனிஃபோல்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவேயுள்ள பேக்கிங்கும் பிய்ந்திருந்தது. பேக்கிங் தாளை வெட்டிப் புதிதாகப் போட்டேன். மறுபடி பீய்ச்சியபோது சத்தம் மாறவில்லை. ஐடில் ஸ்குரூ சொன்னபடி கேட்டது.

தோப்பில்

வண்டி போன சில வாரங்களுக்குப் பிறகு அந்தப் பக்கம் போனபோது பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். முனை வெளிர் பழுப்பு. கலவை சரியாக இருக்கிறது. மேக்னெட் மூடியின் ஒயர் வாயில் சிலிகான் பூசி விட்டிருந்தேன், உள்ளே ஈரமில்லை. நிறுத்தி வைப்பதாக இருந்தால் டேப்பை மூடிவிட்டு, கிண்ணத்திலுள்ள பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடச் சொல்லியிருந்தேன். அதை அவர் செய்கிறார்.

மெயின் ரோட்டில் எடுத்துப் போகலாமா என்று கேட்டார். கூடாது என்றேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 25 சிசிக்கு மேற்படாத எஞ்சின் உள்ள, நான்குக்கும் குறைவான சக்கர வண்டியைத்தான் மோட்டார் வாகனம் என்ற கணக்கிலிருந்து விலக்கி வைக்கிறது. இது 66 சிசி. பதிவு இல்லாமல் ரோட்டில் ஓட்ட முடியாது. தவிர, சைக்கிளின் சாதாரணப் பிரேக் கட்டைகள் இந்த வேகத்துக்கு வைத்தவை அல்ல. தோப்புக்குள்ளும் முன் பிரேக்கின் பிடி எனக்குத் திருப்தியாக இல்லை. புதுக் கேபிளும் கட்டையும் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். வாங்கியதும் வண்டியை ஒரு நாள் பட்டறையில் விட்டுப் போவதாகச் சொன்னார்.